தகரக் கூரை எத்தனை வருஷம் தாங்கும்? கணினியில் கணக்குப் போட்டுப் பார்க்கும் வழி

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கூரையில் முதல் ஓட்டை விழுந்தது ஆறாவது மழைக்காலத்தில். ஷீட்டின் நடுவில் விழவில்லை. ஒரு ஷீட் இன்னொன்றின் மேல் ஏறி உட்காரும் இடத்தில் (லேப் என்பார்கள்), ஸ்குரூவுக்குப் பக்கத்தில், உள்ளிருந்து அரித்துக்கொண்டு வந்திருந்தது. அண்ணாந்து பார்த்தால் குண்டூசி முனை அளவுக்கு வெளிச்சம், நேர் கீழே அரிசி டிரம். ஷீட் வாங்கிய கடையில் "பதினைந்து வருஷத்துக்குக் கவலையே வேண்டாம்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வாங்கும்போது நானும் கணினியில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன், அதுவும் 16, 17 வருஷம் என்றுதான் சொன்னது.

கூரை மாற்ற வந்த அண்ணன் பழைய ஷீட்டைப் புரட்டிக் காட்டினார். "தம்பி, நடுவுல என்னைக்குமே போகாது. லேப்புலதான் போகும், தண்ணி ஏறி உக்காந்தா அங்க காயவே காயாது." அன்று இரவு கணக்கைத் திரும்பப் போட்டேன். ஒரு எண்கூடத் தவறவில்லை. மழை கழுவி வெயில் காய வைக்கும் திறந்த முகத்துக்கான கணக்கை எடுத்து, தண்ணீர் மாட்டிக்கொண்டு நிற்கும் இடுக்குக்கும் சேர்த்து நம்பியிருந்தேன்.

உலோகம் எவ்வளவு காலம் அரிப்பைத் தாங்கும் என்று கணினியில் கணிக்க நினைப்பவர்களுக்கு, குறிப்பாக மலையில் இருக்கும் மாணவர்களுக்கும், தேயிலை பேக்டரியில் பராமரிப்பு பார்ப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எந்த மென்பொருள் என்பது அப்புறம். உலோகத்தின் மேல் உட்காரும் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் உங்கள் கணிப்பு சரியாக இருக்கும்.

அதனால் முதலில் ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதுங்கள். என்ன உலோகம், அதன் மேல் என்ன பூச்சு, எவ்வளவு கனம். எந்த இடம், அங்கே தண்ணீர் எப்படி வந்து எப்படிப் போகிறது. எந்த விதமான சேதம்: சீராகத் தேய்வதா, குழி விழுவதா, இடுக்கில் அரிப்பதா, இரண்டு உலோகம் தொட்டு அரிப்பதா. எத்தனை ஆண்டுக்குப் பதில் வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். சீரான தேய்மானத்துக்கு உள்ள சூத்திரம் குழி அரிப்புக்கு உதவாது, குழி அரிப்புக்கு உள்ளது இடுக்குக்கு உதவாது.

சரி, எங்கள் கூரையையே எடுத்துக்கொள்வோம். 0.40 மில்லிமீட்டர் ஜி.ஐ. ஷீட், 120 ஜி.எஸ்.எம். துத்தநாகப் பூச்சு. அந்த 120 என்பது இரண்டு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 120 கிராம், அதாவது ஒரு பக்கம் 60 கிராம்தான். துத்தநாகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.14 கிராம், வகுத்தால் ஒரு பக்கத்துக்கு 8.4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு சுமாருக்கு. கடையில் "கனமான ஷீட்" என்று சொல்வது பெரும்பாலும் உள்ளே இருக்கும் இரும்பின் கனத்தை. பூச்சின் கனத்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

முதல் மாதிரியாக எல்லோரும் தொடுவது பூர்பே வரைபடம். பெல்ஜியத்துக்காரர் மார்செல் பூர்பே பெயரில் வழங்குவது. ஒரு அச்சில் தண்ணீரின் பி.எச்., இன்னொன்றில் மின்னழுத்தம். எந்தப் பகுதியில் உலோகம் உலோகமாகவே இருக்கும், எங்கே கரையும், எங்கே ஆக்சைடாக மூடிக்கொள்ளும் என்று காட்டும். இதைக் கையால் போட வேண்டாம். மெட்டீரியல்ஸ் புராஜெக்ட் தளத்தில் இலவசமாகக் கணக்கு தொடங்கி, பைமேட்ஜென் என்ற பைத்தான் நூலகத்தை நிறுவினால் சில வரிகளில் வரைந்துவிடலாம், உலோகக் கலவைக்கும் சேர்த்து. ஆனால் துத்தநாகத்துக்கு வரைந்து பாருங்கள், ஒரு சங்கடம் தெரியும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கலந்த சுத்தமான மழைத்தண்ணீரின் பி.எச். 5.6. அந்த இடத்தில் வரைபடம் துத்தநாகம் கரையும் என்று சொல்கிறது. நம் ஊரில் துத்தநாகம் பூசிய கூரை வருஷக்கணக்கில் நிற்கிறது! இரண்டும் உண்மை. ஈரமாகிக் காயும்போது கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து துத்தநாகத்தின் மேல் கார்பனேட் படலம் ஒன்று கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது, அதுதான் காப்பாற்றுகிறது. வரைபடத்தில் கார்பனேட்டை நீங்கள் சேர்க்காவிட்டால் அது தெரியாது. சேர்த்தாலும் எது நடக்கும் என்றுதான் சொல்லும், எவ்வளவு வேகத்தில் என்று சொல்லாது. இதை வைத்துக்கொண்டு ஆயுள் கணிக்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வேகத்துக்குப் போவோம். திறந்தவெளி அரிப்புக்கு ஐ.எஸ்.ஓ. 9223 என்ற தரநிலையில் சூத்திரங்கள் இருக்கின்றன, உலகின் பல இடங்களில் தகடுகளை வெயிலிலும் மழையிலும் போட்டு எடுத்த தரவிலிருந்து வந்தவை. ஆண்டுச் சராசரி வெப்பநிலை, ஈரப்பதம், கந்தக டை ஆக்சைடு படிவு, உப்புப் படிவு, இந்த நான்கும் போதும். துத்தநாகத்துக்கான சூத்திரம் இரண்டு துண்டு. முதல் துண்டில், கந்தக டை ஆக்சைடு படிவை (சதுர மீட்டருக்கு ஒரு நாளில் எத்தனை மில்லிகிராம் என்பது) 0.44 அடுக்குக்கு உயர்த்தி 0.0129-ஆல் பெருக்குங்கள். ஈரப்பத சதவீதத்தை 0.046-ஆல் பெருக்கி, அதோடு வெப்பநிலைத் திருத்தத்தைக் கூட்டி, வரும் எண்ணை எக்ஸ்பொனென்ஷியலில் (எக்ஸெலில் EXP) போட்டு அதையும் பெருக்குங்கள். அந்தத் திருத்தம், சராசரி 10 டிகிரிக்கு மேல் எத்தனை டிகிரி அதிகமோ அதை மைனஸ் 0.071-ஆல் பெருக்கியது. இரண்டாவது துண்டு உப்புக்கு: குளோரைடு படிவை 0.57 அடுக்குக்கு உயர்த்தி 0.0175-ஆல் பெருக்கி, ஈரப்பதத்தின் 0.008 மடங்கையும் வெப்பநிலையின் 0.085 மடங்கையும் கூட்டி எக்ஸ்பொனென்ஷியலில் போட்டுப் பெருக்க வேண்டும். இரண்டு துண்டையும் கூட்டினால் முதல் ஆண்டில் எத்தனை மைக்ரான் போகும் என்று வரும். எக்ஸெல் தாளே போதும்.

எங்கள் வீட்டுக்கு நான் எடுத்துக்கொண்டவை: 17 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம், கந்தக டை ஆக்சைடு 3, குளோரைடு 2. விடை 0.85 மைக்ரான். அரிப்பின் கடுமையைத் தரநிலை சி1, சி2, சி3 என்று வகை பிரிக்கிறது, எண் கூடினால் கடுமை கூடும். அந்தப் பட்டியலில் துத்தநாகத்துக்கு 0.7 முதல் 2.1 வரை சி3 வகை. அதே எண்களை இரும்புக்கு உள்ள சூத்திரத்தில் போட்டால் சுமார் 17 மைக்ரான், அது சி2 வகை. ஒரே கூரை, ஒரே மூடுபனி, துத்தநாகத்துக்கு ஒரு வகை, இரும்புக்கு இன்னொன்று. "எங்கள் ஊர் சி3" என்று பொத்தாம்பொதுவாக எழுதி வைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். எந்த உலோகத்துக்கு என்று சேர்த்தே எழுதுங்கள்.

முதல் ஆண்டு வேகம் அப்படியே நீடிக்காது, படலம் கட்டக் கட்டக் குறையும். இதற்கு ஐ.எஸ்.ஓ. 9224: முதல் ஆண்டு எண்ணை, ஆண்டுகளின் எண்ணிக்கையை ஓர் அடுக்குக்கு உயர்த்தி அதனால் பெருக்க வேண்டும். துத்தநாகத்துக்கு அந்த அடுக்கு 0.813, இரும்புக்கு 0.523. எங்கள் 8.4 மைக்ரான் பூச்சு இப்படி 16, 17 ஆண்டில் தீரும். 275 ஜி.எஸ்.எம். ஷீட் என்றால் 40 ஆண்டைத் தாண்டும். (20 ஆண்டுக்கு மேல் போனால் அடுக்குக் கணக்கை விட்டுவிட்டு நேர்கோட்டில் நீட்ட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.)

இப்போது கந்தக டை ஆக்சைடை மட்டும் 3-லிருந்து 10 ஆக்கிப் பாருங்கள். பக்கத்தில் நிலக்கரி எரிக்கும் கொதிகலன் புகைபோக்கி இருந்தால் கூடத்தான் செய்யும். வேகம் 1.3 மைக்ரான் ஆகிறது, 17 வருஷம் 10 வருஷமாகச் சுருங்குகிறது. நான் 3 என்று போட்டதற்கு என்ன ஆதாரம்? அளக்கவில்லை, சுத்தமான மலைக்காற்று என்று நினைத்துப் போட்டேன். சூத்திரத்துக்கே மைனஸ் 33 முதல் பிளஸ் 50 சதவீதம் வரை பிழை உண்டு என்று தரநிலையே சொல்கிறது. அதனால் விடையை ஒற்றை எண்ணாக யாரிடமும் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரு குறைந்தபட்சம், ஓர் அதிகபட்சம் வைத்து, பைத்தானில் ஆயிரம் முறை தாறுமாறாக எண்களை எடுத்து ஓட்டி, "9 முதல் 22 ஆண்டு" என்பது போல ஒரு வரம்பாகச் சொல்லுங்கள். கேட்பவருக்கு அது பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் அவர் பணம் போடப் போவது அதை நம்பித்தான்.

அடுத்தது இடுக்கு. எனக்கு மிக முக்கியமானது இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு ஷீட்டுக்கு நடுவில் தண்ணீர் மாட்டினால் கார்பன் டை ஆக்சைடு போதுமான அளவு உள்ளே போவதில்லை. காப்பாற்றும் கார்பனேட் படலம் கட்டாது, அதற்குப் பதில் பொரபொரவென்று வெள்ளைத் துரு வரும். மழையில் நனைந்த ஷீட் கட்டைப் பிரிக்கும்போது நடுவில் மாவு போல ஒட்டியிருக்குமே, அதேதான். பூச்சு சீக்கிரம் போய்விடும், பிறகு இரும்பு. இங்கே அடுக்குச் சூத்திரம் எதுவும் செல்லாது. அதற்குப் பதில் ஓர் உச்ச வரம்பைக் கணக்குப் போடலாம்: இரும்பு அரிக்க ஆக்சிஜன் வேண்டும், அது தண்ணீர்ப் படலத்தைக் கடந்துதான் வர வேண்டும், எவ்வளவு வேகமாக வர முடியுமோ அதற்கு மேல் அரிப்பு போக முடியாது.

மலையில் காற்று மெலிதாயிற்றே, ஆக்சிஜன் குறையுமே என்று எனக்கும் தோன்றியது. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, உண்மைதான். ஆனால் தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் அதிகமாகக் கரைகிறது. 17 டிகிரியில் இங்கே லிட்டருக்கு ஏறத்தாழ 7.6 மில்லிகிராம், கீழே மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரித் தண்ணீரிலும் கிட்டத்தட்ட அதே அளவு. ஒன்றுக்கொன்று சரியாகிவிடுகிறது! அரை மில்லிமீட்டர் தண்ணீர்ப் படலம் என்று வைத்து, ஆக்சிஜனின் பரவல் எண்ணை நொடிக்கு 0.000000002 சதுர மீட்டர் என்று எடுத்து, பாரடே எண்ணால் (வேதிவினையின் அளவை மின்சாரக் கணக்காக மாற்றும் மாறிலி) மின்னோட்டமாக மாற்றினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 37 மைக்ரோ ஆம்பியர் வரும். இரும்புக்கு ஒரு மைக்ரோ ஆம்பியர் என்றால் வருஷத்துக்கு 11.6 மைக்ரான். ஆக 425 மைக்ரான் சுமார். படலம் இன்னும் மெலிதானால் இன்னும் அதிகம், அதனால்தான் வாளித் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் ஆணியைவிட மூடுபனியில் வேர்த்து நிற்கும் ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கிறது.

இரும்புக்குத் திறந்தவெளிக் கணக்கு வருஷத்துக்கு 17 மைக்ரான், ஆக்சிஜன் கணக்கு 425. இருபத்தைந்து மடங்கு வித்தியாசம். எங்கள் கூரை எங்கே நின்றது? பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். லேப்பில் பூச்சு இரண்டு வருஷத்தில் போயிருக்கும் என்று வைத்தால், மீதி நான்கு வருஷத்தில் 0.40 மில்லிமீட்டர் இரும்பு போயிருக்கிறது, வருஷத்துக்கு 100 மைக்ரான். இரண்டு எல்லைக்கும் நடுவில் சரியாகப் பொருந்துகிறது. இதை வாங்கும்போதே போட்டிருந்தால், "நடுவில் 17 வருஷம், லேப்பில் துரு ஆரம்பித்த பிறகு மோசமாகப் போனால் ஒரே வருஷம்" என்று அன்றைக்கே தெரிந்திருக்கும், லேப்புக்கு நடுவில் சீலன்ட் பட்டை ஒட்டச் சொல்லியிருப்பேன்.

இரண்டு எல்லைக்கும் நடுவே உங்கள் இடம் எங்கே என்று சொல்வது ஈர நேரம். 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருக்கும் மணி நேரங்களை எண்ணுவது பழைய வழக்கம். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் மூன்றிலும் வானிலை நிலையங்கள் உண்டு, அந்தத் தரவை வைத்து ஆரம்பிக்கலாம். ஆனால் தெளிந்த இரவில் தகரம் வானத்தைப் பார்த்து வெப்பத்தை விட்டு, காற்றைவிடக் குளிர்ந்துபோகும். காற்றில் 75 சதவீதம் என்று காட்டும் இரவில் கூரை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். ஆகவே சின்ன டேட்டா லாகர் இரண்டு வாங்கி, ஒன்றைக் காற்றில் தொங்கவிட்டு இன்னொன்றின் உணரியைத் தகரத்தின் அடியில் ஒட்டிவிடுங்கள். ஒரு வருஷம் ஓடட்டும்.

இரண்டு உலோகம் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் பெரிய கருவி வேண்டும். பினைட் எலிமென்ட் முறை, அதாவது இடத்தைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்துக் கணக்குப் போடுவது. மென்பொருளில் காம்சால் விலை அதிகம், பெனிக்ஸ் இலவசம், பைத்தான் தெரிந்தால் போதும். தண்ணீர்ப் படலத்தில் மின்னழுத்தம் எப்படிப் பரவுகிறது என்று லாப்லாஸ் சமன்பாட்டைத் தீர்க்கிறீர்கள், உலோகத்தின் ஓரத்தில் அதன் துருவமாக்க வளைகோட்டை (எந்த மின்னழுத்தத்தில் எவ்வளவு மின்னோட்டம் என்று காட்டுவது) கொடுக்கிறீர்கள். நம் ஊருக்கு ஒரு விஷயம் முக்கியம். மூடுபனித் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, கடல் தண்ணீரின் மின்கடத்துத்திறனில் மிகச் சிறிய பங்குதான் இருக்கும். அதனால் செம்புக் கம்பி தகரத்தைத் தொடும் இடத்தில் சேதம் சில மில்லிமீட்டருக்குள் அடங்கும், ஆனால் அந்த வட்டத்துக்குள் ஆழமாகப் போகும். எடுத்துக்காட்டுப் பாடங்களில் வரும் கடல் தண்ணீர் எண்ணை அப்படியே விட்டுவிட்டு ஓட்டினால் அகலமாக, ஆழமில்லாமல் அரிப்பது போலப் படம் வரும். மாடல் பார்க்க அழகாக இருக்கும், பதில் தவறு.

தேயிலை பேக்டரி ஆட்கள் கேட்பது வேறு கேள்வி: துருப்பிடிக்காத எஃகில் 304 ரகம் போதுமா, 316 ரகம் வேண்டுமா. குழி அரிப்பை ஓர் எஃகு எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு எளிய எண் இருக்கிறது, கூடினால் நல்லது. குரோமிய சதவீதம், மாலிப்டினத்தின் 3.3 மடங்கு, நைட்ரஜனின் 16 மடங்கு, மூன்றையும் கூட்டுங்கள். 304-க்கு 19 பக்கம், 316-க்கு 24, டூப்ளெக்ஸ் 2205-க்கு 35. இது வரிசைப்படுத்தத்தான், ஆயுள் சொல்லாது. தேயிலைச் சாறு 304-ஐ ஒன்றும் பெரிதாகச் செய்யப்போவதில்லை. ராத்திரி பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தரையையும் டிரேயையும் கழுவிவிட்டு நன்றாக அலசாமல் போவார்களே, குழி விழுவது அங்கேதான். அந்தக் குளோரைடை உள்ளீட்டில் சேர்க்காத எந்த மாடலும் உங்களுக்கு உதவாது.

அணு அளவில் போக ஆசைப்படுபவர்களுக்கு: குவான்டம் எஸ்பிரெஸ்ஸோ என்ற மென்பொருள் இலவசம். ஒரு உலோகப் பரப்பின் மேல் குளோரின் எவ்வளவு இறுக்கமாக ஒட்டும், ஆக்சிஜன் எவ்வளவு, கலவையில் ஓர் அணுவை மாற்றினால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். புதுக் கலவை தேடுபவர்களுக்கு இது உண்மையிலேயே பயன்படும். இரும்பில் குரோமியம் 10, 11 சதவீதத்தைத் தாண்டும்போது திடீரென்று துரு நிற்பது ஏன் என்பதற்குக் குரோமிய அணுக்கள் ஒன்றையொன்று தொட்டு அறுபடாத வலையாகச் சேர்வதை வைத்து விளக்கம் சொல்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த சிந்தனை அது. ஆனால் மடிக்கணினியில் சில பத்து அணுக்களுக்கு மேல் இழுக்காது, அங்கிருந்து கூரையின் ஆயுளுக்குத் தாவ முடியாது. பரப்பில் வெறும் வெற்றிடத்தை வைத்து ஓட்டாமல் ஓரிரண்டு அடுக்குத் தண்ணீராவது வையுங்கள்.

மெஷின் லேர்னிங் பற்றி ஒன்று மட்டும். சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் நூலகத்தில் ரேண்டம் பாரஸ்ட் என்ற முறையை ஓட்டுவது பத்து நிமிஷ வேலை, அதனால்தான் எல்லோரும் அங்கே முதலில் போகிறார்கள். ஒவ்வொரு கலவைக்கும் இருபது அளவீடுகள் இருக்கும் தரவை மொத்தமாகக் கலக்கிப் பாதியைப் பயிற்சிக்கும் பாதியைச் சோதனைக்கும் பிரித்தால் 95 சதவீதம் துல்லியம் என்று காட்டும், அது மனப்பாடம். கலவை வாரியாகப் பிரியுங்கள். சோதனையில் வரும் கலவை பயிற்சியில் ஒரு முறைகூட வந்திருக்கக் கூடாது. அப்போது வரும் எண்ணைத்தான் வெளியே சொல்லலாம்.

கடைசியாக, எந்த மாடலாக இருந்தாலும் அதன் பக்கத்தில் ஒரு தகடு கூரையில் கிடக்க வேண்டும். 15-க்கு 10 சென்டிமீட்டர் அளவில் துண்டுகள் வெட்டி, ஓரத்தை உரசி, அசிட்டோனில் துடைத்து, வெட்டுவாயில் பெயின்ட் பூசிக் காய விட்டு, எடை போட்டு வையுங்கள். சமையலறைத் தராசு இங்கே ஆகாது. 0.85 மைக்ரான் துத்தநாகம் இரண்டு பக்கமும் போனால் எடை குறைவது 0.18 கிராம்தான். நகைக்கடையில் மில்லிகிராம் காட்டும் தராசு இருக்கும், தெரிந்த கடையாக இருந்தால் காலையில் கூட்டம் வருவதற்கு முன் போய்க் கேட்டால் போட்டுத் தருவார்கள். ஒரு வருஷம் கழித்து இறக்கி, அரிப்பில் வந்த பொருளை மட்டும் கரைத்து எடுக்க வேண்டும்; துத்தநாகத்துக்குக் கிளைசின் கரைசல், வெறும் இரும்புத் துண்டுக்கு ஹெக்சமின் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமில வேலையைக் கல்லூரி ஆய்வகத்தில், தெரிந்தவர் பக்கத்தில் நிற்கச் செய்யுங்கள். புதுத் துண்டு ஒன்றையும் அதே கரைசலில் போட்டு, அது இழக்கும் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் நாடு முழுக்கத் தகடுகளை வெளியே போட்டு எடுத்துத்தான் இந்தியாவின் அரிப்பு வரைபடத்தைத் தயாரித்தது, வழி அதேதான்.

எங்கள் புதுக் கூரையில் இப்போது எட்டுத் துண்டு கிடக்கிறது. நான்கு திறந்தவெளியில், இரண்டு துண்டு கூரைக்கு அடியில் மழை படாத இடத்தில், இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஸ்குரூ போட்டு இறுக்கி, லேப் மாதிரியே. எட்டுக்கும் கணித்த எண்ணை எழுதி உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன், பின்னால் மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. ஐப்பசி அடைமழை முடிந்து வெயில் அடித்ததும் இறக்கி எடை போட வேண்டும்.